ஊரா, காலனியா? மனநலப் பயிற்சியில் சாதி காணாமல்போன கதை

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட வேண்டுமானால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. அதன் அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு எம்.ஃபில். படிப்புதான் நெடுங்காலமாக இந்தத் தொழிலுக்கு முக்கிய வாசல். அந்தப் பாடத்திட்டத்தில் சாதியைத் தேடிப் பாருங்கள். இந்தியச் சிந்தனைகள் என்று ஓர் அலகு இருக்கிறது. மனநலம், மனநோய் பற்றிய பழைய கருத்துகளோடு சேர்த்து, சமூக அடையாளமும் படிநிலையும் என்று ஒரு வரி அதில் வருகிறது. அந்த வரிக்குப் பக்கத்திலேயே வருணாசிரம அமைப்பு என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

அதாவது சாதி அங்கே மரபாக வருகிறது, தத்துவமாக வருகிறது. காயமாக வருவதில்லை. சேரியில் பிறந்த ஒரு பெண் எதிரே வந்து உட்காரும்போது அவள் வருணாசிரமத்தின் எந்தப் படியில் நிற்கிறாள் என்று தெரிந்துகொள்வதுதான் பயிற்சியா? வருணக் கணக்கில் அவளுக்குப் படியே கிடையாது என்பதையாவது அந்த அலகு சொல்லித்தருகிறதா என்பது எங்களுக்குச் சந்தேகம்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு எம்.ஃபில். பட்டமே முடிவுக்கு வந்துவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு நீட்டிப்புக் கொடுத்தது. பழைய வாசல் மூடப்பட்டுப் புதிய படிப்புகள் வருகின்றன. பாடத்திட்டங்கள் திருத்தி எழுதப்படுகின்றன. இன்று எழுதப்படுவது அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்கு நிற்கும். உளவியலும் சமூகப் பணியும் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு வகுப்பில் கேள்வி கேட்க வேண்டும்.

பன்முகப் பண்பாட்டுப் பயிற்சி என்று இன்று அழகாகச் சொல்லப்படும் பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. எந்தப் பேராசிரியரின் பெருந்தன்மையிலும் அது பிறக்கவில்லை. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென்மாநில மருத்துவர் ஒரு நோயைக் கண்டுபிடித்தார். அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்றார்; ‘டிராப்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். அதைத் தடுக்க அவர் சொன்ன வழிகளில் சாட்டையடியும் ஒன்று. விடுதலைக்காக ஓடுகிறவன் நோயாளி, அடிக்கிறவன் ஆரோக்கியமானவன். உளவியல், மனநல மருத்துவம் ஆகியவற்றின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது.

நூறு ஆண்டு கழித்து அதே நாட்டில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்புக் குழந்தைகளிலேயே பலர் வெள்ளைப் பொம்மையைக் கைகாட்டினார்கள். பள்ளிகளில் நிறப்பாகுபாடு சட்டவிரோதம் என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது அந்த ஆய்வும் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968-ஆம் ஆண்டில் கறுப்பின உளவியலாளர்கள் அமெரிக்க உளவியல் சங்கத்தை நம்பிப் பயனில்லை என்று தனிச்சங்கம் கண்டார்கள். 1973-இல் கொலராடோவின் வெய்ல் நகரில் பயிற்சி பற்றி நடந்த மாநாடு முக்கியமானது. வேறு பண்பாட்டிலிருந்து வருபவரைப் புரிந்துகொள்ளும் தகுதி இல்லாமல் அவருக்குச் சிகிச்சை அளிப்பது தொழில் அறத்துக்கே எதிரானது என்று அங்கே சொல்லப்பட்டது. ராபர்ட் கத்ரி 1976-இல் எழுதிய உளவியல் வரலாற்று நூலின் தலைப்பு, சோதனைக்கூட எலிகூட வெள்ளைதான் என்று பொருள்படும். தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது.

1992-இல் டெரால்ட் விங் சூவும் மற்ற இருவரும் இதைப் பாடத்திட்டமாக்கினார்கள். ஆலோசகருக்கு வேண்டிய திறன்களை வகுத்தபோது அவர்கள் முதலில் வைத்தது அடுத்தவரின் பண்பாட்டை அல்ல. பயிற்சி பெறுபவர் தன்னுடைய வளர்ப்பையும் தன்னுடைய முன்முடிவுகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் படி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வந்தபோது கழன்று விழுந்த பகுதி இதுதான். உளவியல் சங்கம் தன் இனவெறி வரலாற்றுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க 2021 அக்டோபர் வரை ஆனது.

பிரான்ஸ் ஃபனோனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளராக அவரை நம் கூட்டங்களில் பேசுகிறோம்; ஆனால் அவருடைய அன்றாட வேலை மனநல மருத்துவம். 1953-இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்கர்களின் மூளையே வளர்ச்சி குறைந்தது என்று அங்கிருந்த பிரெஞ்சு மருத்துவர்கள் ‘அறிவியல்’ பேசிக்கொண்டிருந்த காலம். ஃபனோன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரில்லை. நோயாளிகளைக் கட்டிப் போடாமல் கூட்டம், நாடகம், பத்திரிகை, கைவேலை என்று ஈடுபடுத்தும் முற்போக்கான முறையைப் பிரான்சில் கற்று வந்திருந்தார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் அது நன்றாக வேலை செய்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் படுதோல்வி. ஒருவரும் கலந்துகொள்ளவில்லை.

தோல்விக்கான காரணத்தை அவர் நோயாளிகளின் மூளையில் தேடவில்லை. ழாக் அசூலே என்ற பயிற்சி மருத்துவரோடு சேர்ந்து தன் முறையையே ஆராய்ந்து 1954-இல் கட்டுரை எழுதினார். பிரெஞ்சுக் குடும்ப விழாக்களையும் பிரெஞ்சுப் பொழுதுபோக்குகளையும் கொண்டு வந்து அல்ஜீரிய விவசாயி முன் வைத்திருக்கிறோம், அதுவும் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசிக்கொண்டு, என்று கண்டுகொண்டார்கள். பிறகு வார்டிலேயே ஊர்ப்பாணித் தேநீர்க்கடை வந்தது, அவர்களுடைய பண்டிகைகள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லி வரவழைக்கப்பட்டார். ஆனால் ஃபனோன் அதோடும் நிற்கவில்லை. தேநீர்க்கடை வைத்துவிட்டால் காலனி ஆட்சி போய்விடுமா? ஒரு மக்களை அவர்களுடைய நிலத்திலேயே அந்நியராக்கிவிட்டு அவர்களை மனநலத்தோடு இருக்கச் சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்து 1956-இல் வேலையை விட்டு விலகினார். பண்பாட்டைப் புரிந்துகொள்வது முதல் படி, அதிகாரத்தைப் புரிந்துகொள்வது அடுத்த படி. நம் வகுப்பறைகள் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. அதிலும் பண்பாடு என்றால் மதம், மொழி, உணவு, கூட்டுக் குடும்பம், அவ்வளவுதான்.

இனி நம் பக்கம் வருவோம். சென்னையில் 1794-இல் வாலன்டைன் கனோலி என்ற கம்பெனி மருத்துவர் பைத்தியக்கார விடுதி தொடங்கினார். அன்று அப்படித்தான் பெயர். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் இன்றைய இடத்துக்கு வந்தது. காலனி ஆட்சியின் மனநல விடுதிகளில் ஐரோப்பியருக்கு ஓர் இடம், ‘நேட்டிவ்’களுக்கு வேறு இடம், வசதியும் வேறு. அதே 1871-இல்தான் வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு சாதியில் பிறப்பதே குற்ற மனம் என்று எழுதிவைத்த சட்டம். கார்ட்ரைட்டின் நோயைப் போன்றதுதான் இதுவும், மருத்துவப் பெயர் மட்டும் இல்லை.

இந்தியாவின் முதல் உளவியல் துறை 1916-இல் கல்கத்தாவில். 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கினார். ஃப்ராய்டோடு கடிதம் வழியாகவே வாதாடியவர் அவர். மேற்கத்திய மனம் வேறு, இந்திய மனம் வேறு என்றார். அதே சங்கத்தில் இருந்த ஓவன் பெர்க்லி-ஹில் என்ற ஆங்கிலேய மருத்துவர், ராஞ்சியின் ஐரோப்பிய மனநல மருத்துவமனையை நடத்தியவர், இந்துக்களின் குணமே மலத்தின் மீதான குழந்தைப் பருவ ஈர்ப்பில் உருவானது என்று 1921-இல் கட்டுரை எழுதினார். ஒருவர் இந்திய மனத்தை உயர்த்தினார், இன்னொருவர் தாழ்த்தினார். இரண்டு பேரும் இந்திய மனம் என்று ஒருமையில் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒருமைக்குள் யாருடைய வீடு இருந்தது? வேலைக்காரியும் பூசையறையும் நூலகமும் இருந்த வீடு. அந்த வீட்டுக் கழிவறையைச் சுத்தம் செய்ய வந்தவரின் மனம் அந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை வந்தது. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம், அதுதான் பிறகு நிம்ஹான்ஸ் ஆனது, தொடங்கி அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலுக்கான பட்டயப் படிப்பை நடத்தியது. மேற்கிலிருந்து வந்ததை அப்படியே நடத்தாமல் இந்தியமயமாக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. நியாயமான குரல்கள்தான். ஆனால் அவை போய்ச் சேர்ந்த இடம் யோகம், கீதை, முக்குணம். ஜே.எஸ். நேகி 1973-இல் குரு சீடர் உறவை மனநலச் சிகிச்சைக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். இன்றும் பலர் மேற்கோள் காட்டும் கட்டுரை அது. குரு சீடர் என்றதும் நமக்கு நினைவு வருவது ஏகலைவன். கட்டைவிரலைக் கேட்ட குருவின் முன் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச நம் பிள்ளைகளால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

கருவிகளுக்கு வருவோம். ஆய்வு செய்கிற மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தும் ஒன்று குப்புசாமி சமூகப் பொருளாதார அளவுகோல். 1976-இல் நகரங்களுக்காக பி. குப்புசாமி உருவாக்கியது. குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்ப வருமானம் என்று மூன்று கேள்வி. சாதி கிடையாது. கிராமங்களுக்கு உதய் பரீக்கும் திரிவேதியும் 1964-இல் செய்த அளவுகோல் இருக்கிறது. அதில் சாதிக்கு மதிப்பெண்ணே உண்டு! ஆதிக்கச் சாதிக்கு 6, பட்டியல் சாதிக்கு 1. நகரத்தில் சாதி இல்லை, கிராமத்தில் சாதி உண்டு, அதுவும் குறைந்த மதிப்பெண்ணாக உண்டு. இந்த இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒரகடத்தில் வந்து நில்லுங்கள். காலையில் கார் கம்பெனியில் ரோபோவோடு வேலை, சாயங்காலம் திரும்பினால் காலனி. எந்தத் தாளில் மதிப்பெண் போடுவீர்கள்?

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் நடத்திய சோதனை நம் மாணவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டியது. 321 மேல்சாதிச் சிறுவர்கள், 321 கீழே வைக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள். வழிகண்டுபிடிக்கும் புதிர்த்தாளைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். பெயரோடும் சாதியோடும் உரக்க வாசித்துவிட்டுக் கொடுத்தபோது தலித் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே மூளை, அதே தாள். நடுவில் நடந்தது ஓர் அறிவிப்பு மட்டும். 1930-களில் கன்னடத்திலும் மராத்தியிலும் தரப்படுத்தப்பட்ட பினே-காமத் நுண்ணறிவுச் சோதனையை இன்னும் பயன்படுத்திக் குழந்தைகளுக்கு எண் போடுகிறோம். சோதனை அறைக்குள் வருவதற்கு முன் அந்தக் குழந்தையின் காதில் என்ன விழுந்தது என்று கேட்கும் பழக்கம் எத்தனை பயிற்சியாளருக்கு உண்டு?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ராமானுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். நமக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்தப் பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் கலெக்டர் ட்ரெமென்கீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையைக் காலிசெய்யச் சொல்லலாம், அந்தப் பயமே மக்களைக் கட்டிவைத்திருக்கிறது என்பது அதில் வெளிப்பட்ட முக்கியமான உண்மை. 1892 செப்டம்பரில் வந்த அரசாணையிலிருந்துதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் ஒதுக்கீடு தொடங்குகிறது. அந்த நிலங்களை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

உளவியல் கட்டுரையில் நிலம் எதற்கு என்று கேட்கலாம். ராத்திரி யாரோ வந்து கதவைத் தட்டி வெளியே போகச் சொல்வதுபோல் இருக்கிறது, தூக்கமே வருவதில்லை என்று காலனியில் ஒரு பாட்டி சொன்னால், பயிற்சி மாணவர் தன் தாளில் பதற்றக் கோளாறு என்று எழுதுவார். தவறு என்று சொல்லமாட்டோம். ஆனால் மனைப்பட்டா இருக்கிறதா என்று கேட்காமல் எழுதினால் அது பாதி நோயறிதல்தான்.

தொழிற்சாலைகள் வந்தது நேற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி, 2006-இல் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான். 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா கதவடைப்பதற்குள் ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அதில் பெண்கள் ஏராளம், வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். கம்பெனி வேலையால் காலனிக்குள் முதன்முறையாகச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்த தலைமுறை அது. சம்பளத்தோடு போனது என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள்: ஊர்க்காரர் நிலத்துக்குக் கூலிக்குப் போகாமல் இருந்த கர்வம், பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கிடைத்த பலம், யூனிஃபார்ம். வேலையிழப்பின் மன அழுத்தம் என்ற தலைப்பில் இவை எதுவும் வராது.

2021 டிசம்பர் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் இருந்த பெண்கள் சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது, அது உண்மையில்லை. நள்ளிரவில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வதந்தி, கும்பல் பீதி என்றுதான் பல வாய்களில் வந்தது. வாட்ஸ்அப் வதந்தியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பக்கத்துப் படுக்கையில் இருந்தவள் திரும்பி வரவில்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை என்றால் மனம் என்ன செய்யும்?

மலேசியாவில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. சிலாங்கூரில் மின்னணு ஆலைகளில் வேலைக்குப் போன கிராமத்து மலாய்ப் பெண்கள் வேலை நடுவே திடீரென்று அலறி, ஆவி புகுந்ததுபோல் ஆடினார்கள். நிர்வாகம் அதை ஹிஸ்டீரியா என்றது, மயக்க மருந்து கொடுத்தது, பூசாரியை அழைத்து ஆட்டையும் வெட்டியது. அந்தப் பெண்களை ஆய்வு செய்த மானுடவியலாளர் ஐவா ஓங், 1987-இல் வந்த தன் நூலில், அது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக்கு உடல் காட்டிய எதிர்ப்பு என்று வாசித்தார். நம் விடுதிகளிலும் பெண்களுக்கு மயக்கம் வருகிறது, சாமி வருகிறது, மூச்சு அடைக்கிறது. ‘ஒரு மாதிரியா இருக்கு அக்கா’, ‘நெஞ்சு படபடன்னு வருது’ என்பார்கள். வீட்டுத் தெய்வம் எது, எப்போது முதலில் வந்தது, எந்த ஷிஃப்டில் வந்தது, அதற்கு முன் சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று நான்கையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர். சாமி ஆடுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் நம் பகுத்தறிவுத் தோழர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும்.

அப்படியானால் சாதியை நேரடியாகக் கேட்டுவிட வேண்டுமா? மாணவர்கள் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை, பெருமைதான். அதனாலேயே அதைக் கண்டுபிடிக்க ஆயிரம் சுற்றுவழி இருக்கிறது. எந்த ஊரு, ஊருல எந்தத் தெரு, பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, ஊரா காலனியா, குலதெய்வம் எது. விடுதி அறையில் புதிதாக வந்த பெண்ணிடம் முதல் வாரத்திலேயே வரும் கேள்வி, ‘நீங்க என்ன ஆளுங்க?’ வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் அதையே வேறு விதமாகக் கேட்பார், ‘கறி சாப்புடுவீங்களா?’ ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்களிடம் மட்டும் நேராக ‘டைட்டில்’ என்ன என்று கேட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கேள்விகளால் வாழ்நாள் முழுக்கக் குத்தப்பட்டவர் முன் ஒரு மாணவர் படிவத்தை வைத்துக்கொண்டு ‘கம்யூனிட்டி?’ என்று ஆரம்பித்தால், அவர் கண்ணுக்கு மாணவரும் வீட்டுக்காரரும் ஒன்றுதான். கேட்காமலே விட்டாலும் ஆபத்து. எங்களுக்கு எல்லோரும் சமம் என்கிற மேல்சாதிப் புன்னகையாக அது முடியும். எங்கள் அனுபவத்தில் நடுவழி ஒன்று இருக்கிறது. முதலில் மாணவர் தன் பக்கத்தைத் திறக்க வேண்டும். சாதி காரணமாக விடுதியிலோ வேலையிலோ யாராவது உங்களை வேறு மாதிரி நடத்தினால் அதையும் இங்கே பேசலாம், அதைப் பெரிதுபடுத்துகிறீர்கள் என்று நான் சொல்லமாட்டேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். பலர் அன்று எதுவும் பேசமாட்டார்கள். மூன்றாவது நாலாவது முறை வரும்போது பேசுவார்கள்.

இதற்கு மாணவர் முதலில் தன்னைப் பார்க்க வேண்டும். களப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் குடும்ப வரைபடம் போடச் சொல்வது வழக்கம். அதோடு உங்கள் வீட்டு அடுப்படி வரை வந்தவர்கள் யார் யார், வாசலோடு நின்றவர்கள் யார் யார் என்றும் எழுதச் சொல்கிறோம். சிலர் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். பாதியில் பேனா நின்றுவிடும். தலித் மாணவர்களுக்கு இதே தாளில் வேறு கேள்வி: நீங்கள் எந்த அடுப்படி வரை போக முடிந்தது? அவர்களுக்கு அதைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். எல்லோர் முன்னும் வாசிக்கச் சொன்னால் உத்தரப் பிரதேசப் பள்ளியில் சாதியை உரக்கப் படித்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 2016-இல் ரோகித் வெமுலா, 2017-இல் சேலத்துப் பிள்ளை முத்துகிருஷ்ணன், 2019-இல் மருத்துவர் பாயல் தட்வி என்று வளாகங்கள் நம் பிள்ளைகளை இழந்துகொண்டிருந்த காலத்தில், தலித் பகுஜன் இளைஞர்களே ‘தி புளூ டான்’ போன்ற ஆதரவுக் குழுக்களைத் தொடங்கினார்கள். அந்த வேலையைப் பாடத்திட்டம் செய்திருக்க வேண்டும்.

சட்டம் பாடத்திட்டத்தைவிட முன்னால் போய்விட்டது என்பது வேடிக்கை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 18-ஆம் பிரிவு, சாதி உட்பட எந்த அடிப்படையிலும் பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. 3-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது: ஒருவரின் சமூக நிலையையோ, தன் சமூகத்தின் வழக்கத்துக்கு அவர் ஒத்துப்போகாததையோ வைத்து மனநோய் என்று முடிவு செய்யக்கூடாது. 2025 ஜூலையில் சுக்தேவ் சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவன ஊழியர்கள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் உட்பட விளிம்பு நிலையினரோடு பாகுபாடின்றிப் பழகப் பயிற்சி பெற வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. யார் அந்தப் பயிற்சியைக் கொடுப்பது? உளவியலாளர்கள். அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

இதில் உயிர் போகும் இடம் ஒன்று உண்டு. தொழிற்சாலைப் பகுதியில் வெவ்வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரே பேருந்தில் போகிறார்கள், ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறார்கள், காதலிக்கிறார்கள். அந்தப் பெண் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, அழுகிறாள் என்று ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். இங்கே ஒரு நிறுவனத்தில் இருந்த ஆலோசகர் நல்ல எண்ணத்தோடுதான் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார். குடும்பத்தின் ஆதரவு வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தார். இரண்டு நாளில் அண்ணன்மார் வண்டி எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்துவிட்டார்கள். பையன் காலனிப் பையன். நல்லவேளை, அன்று அவன் நைட் ஷிஃப்ட்.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் சங்கர், 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின். இந்தப் பெயர்கள் தெரியாமல் தமிழ்நாட்டில் ஒருவர் குடும்ப ஆலோசனை கொடுக்க உட்காரக்கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டு ஆபத்தைக் கணக்கிட மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். வீட்டிலிருந்தே கொலை வரலாம் என்ற ஆபத்தைக் கணக்கிடவும் அதே அளவு பயிற்சி வேண்டும்: வீட்டுக்கு விஷயம் தெரியுமா, யாருக்குத் தெரியும், ஊரில் சாதிச் சங்கத்தில் யார் இருக்கிறார்கள், பெண்ணின் போன் யார் கையில், சொந்த ஊருக்கு வரச் சொல்லித் திடீரென்று அழைப்பு வந்ததா. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று வரும் அந்த அழைப்பைப் பற்றி எந்த அளவுகோலிலும் கேள்வி இல்லை. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் இதற்கெனத் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் களப்பயிற்சிக்கு வரும் மாணவர்கள் அந்தப் பிரிவின் எண்ணை முதல் நாளே தங்கள் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும், பேசிப் பார்த்தும் வைக்க வேண்டும். எண் மாறிக்கொண்டே இருக்கிறது.